வருமான வரிச் சலுகைகள்: நம் மக்கள் கேட்கும் கேள்விகள்

(ஷஅபான் முதல் வாரத்தில், இஷா தொழுகைக்குப் பின் நடந்த கல்வி – வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)

 

ஜனவரி பிறந்தால் கம்பெனிகளில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். "இந்த ஆண்டு என்னென்ன முதலீடு செய்திருக்கிறீர்கள், என்ன ரசீது இருக்கிறது, கொண்டு வாருங்கள்" என்று அதில் இருக்கும். அந்தக் காகிதத்தோடு நம் பிள்ளைகள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறார்கள். போன வாரம் மட்டும் ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று தலைவர் அவர்கள் சொன்னதால்தான் இந்தக் கூட்டம். நான் ஆடிட்டர் இல்லை. மக்தபில் ஓதிவிட்டு, கல்லூரியில் வணிகவியல் படித்தவன். இருபது ஆண்டுகளாக நம் மக்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன், அவ்வளவுதான். பெரிய வியாபாரிகள் தங்கள் ஆடிட்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நான் பேசுவது சம்பளக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும்தான். அதுவும் 2025 ஏப்ரல் முதல் இந்த 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு உரிய கணக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வருமான வரியே கிடையாது. எந்தச் சலுகையும் கேட்காமலே கிடையாது.

எப்படி என்று கேட்டால், இப்போது இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறை, புதிய முறை. 2023-24ஆம் நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான முறை. நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் பழைய முறை. புதிய முறையில் நான்கு லட்சம் வரை வரி இல்லை. நான்கிலிருந்து எட்டு லட்சம் வரைக்கு 5 சதவீதம், எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கு 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், வரும் வரியை 60,000 ரூபாய் வரை அரசே தள்ளுபடி செய்துவிடுகிறது. இதற்கு 87ஏ தள்ளுபடி என்று பெயர். சம்பளக்காரருக்கு இதற்கு மேல் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. ஆக, சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர் ஆண்டுக்கு 12,75,000 வரை வாங்கினாலும் வரி பூஜ்யம். மாதம் ஒரு லட்சத்து ஆறாயிரம். நம் மஹல்லாவில் அப்படி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். தீப்பெட்டி ஆபீஸ், மில், கடலை மிட்டாய்க் கடை, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி என்று வேலை பார்க்கும் நம்மவர்கள் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"அப்படியானால் எதற்குப் பாய் இந்தக் கூட்டம், வீட்டுக்குப் போகலாமே" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. போகலாம். ஆனால் வரி இல்லாத நம் பிள்ளைகள்தான் வரி விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டுப் போங்கள்.

நமக்குத் தெரிந்த குடும்பத்துத் தம்பி ஒருவர், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிறார். பெயர் வேண்டாம். 2023-24இல் அவருக்கு மாதம் எழுபதாயிரம், ஆண்டுக்கு 8,40,000. அந்த ஆண்டில் இப்போதுள்ள பெரிய தள்ளுபடி இல்லை. புதிய முறையில் ஏழு லட்சம் வரைதான் தள்ளுபடி, நிலையான கழிவும் ஐம்பதாயிரம்தான். கம்பெனி முறைப்படி கணக்குப் போட்டு 35,360 ரூபாய் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டது. சரியான வரி அதுதான். அதோடு விட்டிருக்கலாம். கூட வேலை பார்க்கிற ஒருவர் சொன்னார் என்று ஒரு இடைத்தரகரிடம் போயிருக்கிறார். "பிடித்ததை முழுசாக வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் எனக்கு" என்றாராம் அவர். தம்பி பான் எண், ஆதார், பாஸ்வேர்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

அந்த மனிதர் செய்தது இதுதான். பழைய முறைக்கு மாற்றினார். 80சி பிரிவில் முழுசாக ஒன்றரை லட்சம் என்று எழுதினார். ஆனால் தம்பிக்கு உண்மையில் இருந்தது பி.எஃப். பிடித்தம் மட்டும்தான், அது அதில் பாதிகூட வராது. அதன் பிறகு ஓர் அரசியல் கட்சிக்கு 1,40,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக ஒரு வரி சேர்த்தார். வருமானம் சரியாக ஐந்து லட்சத்துக்கு வந்து நின்றது. பழைய முறையில் ஐந்து லட்சம் வரை தள்ளுபடி உண்டு. வரி பூஜ்யம். சில வாரங்களில் 35,360 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அந்தப் பணத்தில் தங்கைக்குக் கம்மல் வாங்கினார்கள்.

போன டிசம்பரில் அவர் செல்போனுக்கு வருமான வரித்துறையிலிருந்து செய்தி வந்தது. நீங்கள் நன்கொடை கொடுத்ததாகச் சொன்னதைச் சரிபாருங்கள் என்று. பிள்ளை பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தது. "எனக்கு எந்தக் கட்சின்னே தெரியாது மாமா. ரீஃபண்டு வரும்னு சொன்னாங்க, வந்துச்சு, அவ்வளவுதான்" என்கிறது. நான் நம்புகிறேன். ஆனால் கணக்கு யார் பெயரில் போயிருக்கிறது? யார் விவரம் உண்மை என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள்? தரகர் பெயர் எங்கும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. நம் தமிழ்நாடும் அதில் இருந்தது. தேடியது பெரிய முதலாளிகளை இல்லை, இந்த மாதிரி ரீஃபண்டு தரகர்களை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. தரகர்கள் கூட்டம் கூட்டமாகக் கணக்குத் தாக்கல் செய்ய தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டு விடுகிறார்களாம். துறை அனுப்பும் கடிதம் அந்த அனாதை முகவரிக்குப் போய்ப் படிக்காமலே கிடக்கும். உங்களுக்கு நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது.

தம்பிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யும் காலம் தாண்டிவிட்டது. புதுப்பித்த கணக்கு என்று ஒன்று இருக்கிறது. முன்பு இரண்டு ஆண்டு வரைதான் போட முடியும், இப்போது நான்கு ஆண்டு வரை போடலாம். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஓர் ஆண்டுக்குள் போட்டால் வரி, வட்டி இரண்டும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். அடுத்த ஆண்டு போட்டால் 50. பிறகு 60, 70. இவர் 25 சதவீதத்தில் தப்பினார். வாங்கிய 35,360 கட்டி, வட்டி கட்டி, அதன் மேல் கூடுதல் வரி கட்டி, மொத்தம் 45,000-க்கு மேல் போனது. தரகருக்குக் கொடுத்தது தனி. இதையும் செய்யாமல் துறையே விசாரித்துக் கண்டுபிடித்திருந்தால், பொய் விவரம் கொடுத்ததற்கான அபராதம் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு.

பணம் கட்டி முடித்த அன்று அவருடைய தாயார் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அந்தக் கம்மலை இனிமே புள்ளைக்குப் போடலாமா?" நான் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

அதிகம் பேர் கேட்பது ஜகாத் பற்றி. ரமலான் நெருங்குகிறது, கணக்குப் பார்க்கும் நேரம். "ஜகாத் கொடுத்ததை வரியில் கழிக்கலாமா?" ஏழை உறவினருக்கோ அண்டை வீட்டுக்கோ கையில் கொடுக்கும் ஜகாத்துக்கு வருமான வரியில் கழிவு இல்லை. மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே ஜகாத் கட்டினால் அந்தத் தொகை வரியிலேயே கழிகிறது என்பார்கள். உண்மைதான், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. இங்கே அப்படி இல்லை. இங்கே 80ஜி பிரிவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு. அதுவும் பழைய முறையில் மட்டும். அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகப் போக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பாதித் தொகைதான் கழியும்.

"நம் அறக்கட்டளைக்குக் கொடுத்தால்?" இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு 80ஜி கிடையாது. குறிப்பிட்ட ஒரு மத சமுதாயத்தினருக்கோ சாதியினருக்கோ என்று எழுதப்பட்ட அறக்கட்டளைக்கு அந்த அங்கீகாரம் தருவதில்லை என்பது சட்டம். நம் பத்திரத்தில் இந்த வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் என்றே நம் முன்னோர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் தரும் ரசீது நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வரிக்கு உதவாது. ஊர்ப் பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுப்பதும் பொதுவாக அப்படியே. வரலாற்றுச் சிறப்புள்ள வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அறிவித்த இடங்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது.

இது தெரியாமல் ஓர் அன்பர் மூன்று வருடங்களுக்கு முன் வந்தார். நமக்குத் தாராளமாக உதவி வந்தவர். பத்தாயிரம் ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு லட்சத்துக்கு ரசீது போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். நம் ரசீதால் பயனில்லை என்று சொல்லியிருந்தாலே அவர் போயிருப்பார். நான் அதை மட்டும் சொல்லாமல், பயன் இருந்தாலும் போட மாட்டோம் என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். பணத்தை எடுத்துக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த ஆண்டு இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாம் அலைந்தது கமிட்டிக்குத் தெரியும். நான் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் வருத்தப்பட்டார். இருக்கலாம்.

ரசீதை விலைக்கு விற்கும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் இப்போது அதற்கும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. 80ஜி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் யார் எவ்வளவு கொடுத்தார், பான் எண் என்ன என்று மே 31க்குள் துறைக்குப் பட்டியல் கொடுத்து, கொடுத்தவருக்கு 10பிஇ என்ற சான்றிதழ் வழங்க வேண்டும். உங்கள் படிவத்தில் இருப்பதும் அவர்கள் பட்டியலில் இருப்பதும் ஒத்துவராவிட்டால் கணினியே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து வட்டி. இதில் நான் செய்த தவறையே சொல்கிறேன். என் சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை நான் சாப்பிடுவதில்லை. நம்மில் பலரைப் போல, நன்மையை நாடாமல் யாராவது கஷ்டப்படுகிறவருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவேன். என் பணம் இல்லை என்று ஆன பிறகு என் வருமானத்தில் எதற்குக் காட்டுவது என்று பல வருடம் காட்டாமலே இருந்தேன். அப்போது வருமானம் வரி எல்லைக்கு மேல் இருந்தது வேறு. பிறகு வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை வந்தது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு வங்கியிலும் எனக்கு விழுந்த வட்டி பைசா சுத்தமாக நிற்கிறது. மார்க்கத்தில் அது உங்களுக்கு ஆகாத பணம். வரிச் சட்டத்தில் அது உங்கள் கணக்கில் விழுந்த வருமானம். பிறகு யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. திருத்த முடிந்த ஆண்டுகளுக்குத் திருத்திக் கட்டினேன். நீங்கள் முதல் ஆண்டிலிருந்தே காட்டிவிடுங்கள். நம் வருமான அளவுக்கு அதனால் பெரும்பாலும் ஒரு ரூபாய் வரிகூட ஏறாது.

இதே இடத்தில் தாய்மார்களுக்கு ஒன்று. கணவர் இறந்த பின் வந்த பி.எஃப். பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். அதன் மார்க்கச் சட்டத்துக்குள் நான் போகவில்லை. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அறுபது வயதானவர்களுக்கு அந்த எல்லை ஒரு லட்சம். மொத்த வருமானம் நான்கு லட்சத்துக்குள் இருப்பவர் ஆண்டுத் தொடக்கத்திலேயே 15ஜி படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அறுபது ஆனவருக்கு 15எச். பான் கார்டு ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் இந்தப் படிவம் செல்லாது, பிடித்தமும் 20 சதவீதம் ஆகிவிடும். இரண்டு பெயரிலும் ஓர் எழுத்து மாறியிருப்பதால் இணையாமல் நிற்பது நம்மிடம் அதிகம். ஒன்றில் பீவி, ஒன்றில் பேகம் என்று இருக்கும். அதை முதலில் சரி செய்யுங்கள்.

மில் தொழிலாளர்களுக்கும் இதே படிவம் உதவும். ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால், 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் எல்லைக்குள் இருப்பவர் 15ஜி சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலை மாறியவர்கள் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிட்டால் பழைய சர்வீஸும் சேர்ந்துகொள்ளும். ஐந்து வருடம் தாண்டி எடுக்கும் பணத்துக்கு வரியே இல்லை. கிராஜுவிட்டிக்கும் தனியார் தொழிலாளிக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும்.

பொய் ரீஃபண்டைப் பற்றி இவ்வளவு பேசினேன். உண்மையான ரீஃபண்டை விட்டுவிடுகிறவர்களையும் சொல்ல வேண்டும். டெம்போ வைத்து ஓட்டும் ஒரு சகோதரர் ஒரு கம்பெனிக்கு லோடு அடிக்கிறார். ஆண்டுக்கு 3,60,000 பில். ஒப்பந்தப் பணம் என்று ஒரு சதவீதம், 3,600 ரூபாய் பிடித்துவிடுகிறார்கள். மூன்று வருடமாக அவர் கேட்கவே இல்லை. "சர்க்கார் எடுத்த பணம் திரும்பவா வரும்" என்கிறார். வரும். சிறிய சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம். வரி எங்கே வருகிறது? பிடித்த பணம் முழுசும் அவருடையது. அதைவிடச் சுலபம், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று பான் எண்ணோடு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பிடிக்கவே மாட்டார்கள். டிசம்பர் 31 தாண்டிவிட்ட பழைய ஆண்டுகளுக்கும் கதவு முழுசாகச் சாத்தவில்லை. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட்டால், அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை ரீஃபண்டு கோரலாம். அவருக்கு அப்படி ஒரு மனு இப்போது போயிருக்கிறது.

கரிசல் காட்டில் உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ போட்டு எடுத்தவர்கள், இப்போது அறுவடை நேரம், வயிற்றைக் கலக்கிக்கொள்ள வேண்டாம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அதே நிலத்தைக் காற்றாலைக்கோ சோலாருக்கோ வாடகைக்கு விட்டு வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பற்றியும் கேட்டிருந்தார்கள். சவூதி, துபாயிலிருந்து மகன் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பும் பணம் அவர்களுக்கு வருமானம் ஆகாது, எவ்வளவாக இருந்தாலும். வெளிநாடுவாழ் இந்தியர் என்ற தகுதி உள்ளவரை அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே வரி இல்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நான் முதலில் சொன்ன 12 லட்சத் தள்ளுபடி அவர்களுக்குக் கிடையாது. இங்கே கடை வாடகை வருகிறது, வட்டி வருகிறது என்றால் நான்கு லட்சத்தைத் தாண்டியதுமே வரி தொடங்கிவிடும்.

இனி மாணவர்கள். தம்பிமார்களே, நம் அறக்கட்டளையோ அரசோ படிப்புக்குத் தரும் உதவித்தொகை வருமானமே இல்லை. சட்டம் தெளிவாக விலக்கு அளிக்கிறது. படித்துக்கொண்டே டியூஷன் எடுத்தோ டெலிவரி ஓட்டியோ சம்பாதிப்பது வருமானம், ஆனால் நான்கு லட்சத்துக்குள் வரி இல்லை. பிடித்தம் ஏதாவது இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் பணம் கட்டி விளையாடி ஜெயித்த பணம் மட்டும் வேறு கணக்கு. அதற்கு எந்தக் கழிவும் தள்ளுபடியும் இல்லாமல் நேராக 30 சதவீதம். அந்த விளையாட்டுகளையே 2025இல் அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் மார்க்கம் எப்போதோ தடுத்துவிட்டது. யாரும் அந்தப் பக்கம் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டா என்றால், உண்டு. 80இ பிரிவு. உச்சவரம்பு இல்லை, கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரை. வட்டிக்குத்தான், அசலுக்கு இல்லை. அத்தா பெயரில் கடன் இருந்து அத்தா கட்டினால் அத்தாவுக்கு, மகன் பெயரில் இருந்து மகன் கட்டினால் மகனுக்கு. ஆனால் இதுவும் பழைய முறையில் மட்டும். அதனால், வேலைக்குப் போனதும் 12 லட்சத்துக்குள் சம்பளம் வாங்கப் போகிற பிள்ளைக்கு இந்தக் கழிவால் ஒரு பைசா பயன் இல்லை. "வரிச் சலுகை கிடைக்கும்" என்று சொல்லி வட்டிக் கடனை ஆசை காட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நம் அறக்கட்டளை தரும் அழகிய கடனில் வட்டியே இல்லை, ஆகவே கழிக்கவும் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆயுள் காப்பீடு, பி.எஃப்., செல்வமகள் சேமிப்பு, வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் வரை கழியும் 80சி-யும் பழைய முறையோடு போயிற்று. பழைய முறையில் இருப்பவர்களும் கவனியுங்கள்: இரண்டு பிள்ளைகளுக்கு, கற்பிப்புக் கட்டணம் மட்டும். பஸ் கட்டணம், விடுதிக் கட்டணம், கட்டட நிதி கழியாது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு நீங்கள் பிரீமியமே கட்டுவதில்லை, அதை எழுதாதீர்கள். போன வருடம் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார்.

அப்படியானால் பழைய முறை யாருக்கு? 12,75,000-க்கு மேல் சம்பளம், பெரிய வீட்டுக் கடன், உண்மையான வாடகை, மாற்றுத்திறனாளி குடும்ப உறுப்பினர் என்று கழிவுகள் குவிந்திருப்பவருக்கு. அவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொள்ளலாம், ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். மற்றவர்கள் கம்பெனி கொடுக்கும் காகிதத்தில் புதிய முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நோன்பு வையுங்கள். ரசீது தேடி அலைய வேண்டாம், ரசீது வாங்கித் தருகிறேன் என்கிறவரையும் தேட வேண்டாம்.

வரி இல்லை என்பதால் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்று இல்லை. கழிவுகளுக்கு முந்தைய வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டினால் வரி பூஜ்யம் என்றாலும் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால்தான் 12 லட்சத் தள்ளுபடி ஒழுங்காகப் பதிவாகும். நாளை பிள்ளைக்கு விசா என்றாலும் வீட்டுக்குக் கடன் என்றாலும் மூன்று வருடக் கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இன்னொரு செய்தி. 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய், வருகிற ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். நமக்கு மனப்பாடமான 80சி அதில் 123ஆம் பிரிவு. எண் மாறியதைக் காட்டி "புதுச் சட்டத்தில் புது ரீஃபண்டு" என்று யாராவது கிளம்புவார்கள், பாருங்கள். இந்த மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டம்தான்.

மக்தபில் எங்கள் உஸ்தாத், அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைப் பற்றிய முதஃப்பிஃபீன் சூராவை நடத்தும்போது கடைத்தெருவில் இருக்கும் தராசுகளைத்தான் உதாரணம் சொல்வார். கொடுக்கிற பக்கம் குறைப்பதும் வாங்குகிற பக்கம் கூட்டுவதும் என்று இரண்டு பக்கமும் காட்டுவார். படிவத்தில் இல்லாத நன்கொடையை எழுதுவதை அதில் எந்தப் பக்கம் வைப்பது என்று அந்தத் தாயார் கேட்ட அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹஜ்ரத் அவர்கள் ஒரு ஜும்ஆவில் இது பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே தரகரிடம் கொடுத்துத் தாக்கல் செய்தவர்கள் இங்கே இருந்தால் கூச்சப்பட வேண்டாம். மார்ச் 31க்கு முன் வாருங்கள். அந்தத் தேதி தாண்டினால் நான் சொன்ன அந்தத் தம்பியின் ஆண்டுக்கு 25 சதவீதம் 50 ஆகிவிடும். இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று: வருமான வரித் தளத்துக்குள் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதில் உங்கள் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும்தான் இருக்கிறதா என்று பாருங்கள், வங்கிக் கணக்கு உங்களுடையதா என்று பாருங்கள். முந்தைய ஆண்டுகளில் உங்கள் பெயரில் தாக்கலான படிவத்தை இறக்கி, அதில் உள்ள ஒவ்வொரு கழிவும் நீங்கள் உண்மையில் செலவழித்ததா என்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கொண்டு வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.

வியாழக்கிழமைகளில் மஃரிபுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். ரமலானில் மட்டும் தராவீஹ் முடிந்து. கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16, வங்கிப் புத்தகம், பான், ஆதார் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. பாஸ்வேர்டை என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். சகோதரிகளுக்கு உதவ, வணிகவியல் முதுகலை படிக்கும் நம் மாணவி ஒருவர் சனிக்கிழமை மாலையில் பெண்கள் மக்தபில் இருப்பார்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசைப் பாய், நீங்களே தொடங்குங்கள்.